இருமல் நின்றால் டிபி போய்விட்டதா?

ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கும் பூங்கல் செய்யும் பட்டறையில் வேலை பார்ப்பவர். விரலிடுக்கில் சாயச் சிவப்பு போகவே போகாது. காசநோய் மாத்திரை தொடங்கி மூன்றாவது மாதம். “இருமலே இல்ல டாக்டர், நாலு கிலோ ஏறிருக்கேன். இன்னும் எதுக்கு?” என்றார். அவர் மனைவி ஒன்றும் பேசாமல் மாத்திரை அட்டையை மேசைமேல் வைத்தார். பதினோரு நாள் மாத்திரை பிரிக்காமல் அப்படியே இருந்தது.

எக்ஸ்ரேயில் இருந்த வெள்ளைத் திட்டைக் காட்டினேன். கிருமி நுரையீரலில் இறங்கியதும் நம் தற்காப்பு அணுக்கள் அதைச் சுற்றி வளைத்துக் கட்டி போல ஆக்கிவிடும். கட்டி வளர வளர உள்ளே ஆக்சிஜன் போதாது. ‘ரத்தம் வேண்டும்’ என்று அங்கிருந்து வேதிச் செய்தி போக, சுற்றிலும் புது ரத்த நாளங்கள் முளைக்கும். நல்லதுதானே என்று தோன்றும். சிக்கலே அங்குதான். அவையெல்லாம் அவசரத்தில் வெட்டிய வாய்க்கால்கள். கோணல்மாணல், கரையெல்லாம் கசிவு. மழை பெய்தும் வரத்துக்கால் உடைந்தால் நம் ஊருணி நிறையாதே, அதே கதை.

நாளம் எட்டாத நடுப்பகுதி செத்துத் தயிர்க்கட்டி போலாகிவிடும். அங்கே கிருமி பெருகாமல் உறங்கும். உறங்கும் கிருமியைக் கொல்வது கடினம். மருந்தும் அந்தக் கடைமடைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போய்ச் சேரும். 2 மாதம் நான்கு மருந்து, அடுத்த 4 மாதம் மூன்று மருந்து என்று சிகிச்சை நீள்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மீன், முயல் ஆய்வுகளில் இந்த நாளங்களைச் சீர்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். மனிதர்களுக்கு அது இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை.

சளியில் ரத்தம் வருவதும் நாளங்களால்தான். பெரும்பாலும் மூச்சுக்குழாய்த் தமனிகள் தடித்துக் கசியும். அரிதாக, நுரையீரலில் விழுந்த குழியின் சுவரில் ஒரு தமனிக்கிளை பலூன் போல வீங்கி உடையும். 1868-இல் இதை விவரித்த டென்மார்க் மருத்துவர் ராஸ்முசனின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. நோய் குணமான பிறகும் பழைய தழும்பிலிருந்து ரத்தம் வரலாம். காரைக்குடிப் பக்கம் சிலர் உடனே “பழைய டிபி திரும்பிருச்சு” என்று மிச்ச மாத்திரையைத் தேடி விழுங்குகிறார்கள். தயவுசெய்து வேண்டாம், சளியைச் சோதித்தால்தான் தெரியும். ரத்தம் நிறைய வந்தால் யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

“அப்ப விட்ட பதினோரு நாளுக்கு?” என்றார் அவர் மனைவி.

“சேர்த்து விழுங்கிடாதீங்கண்ணே,” என்று அவரைப் பார்த்துச் சொன்னேன். “இன்னிக்கே தொடங்குங்க. நாளைக்குச் சளி கொண்டுவாங்க, விட்ட நாளைக் கடைசியில சேர்த்துக்கலாம்.”

சரி என்று சளி டப்பாவை வாங்கிக்கொண்டு போனவர், வாசலில் நின்று திரும்பினார். “வெறும் வயித்துலயா டாக்டர்?”