யானை எங்கே நிற்கிறது?

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரக் கிராமங்களில் வனவிலங்கு மருத்துவராகப் பணியாற்றும் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி, "இந்த யானைய எப்பங்க சார் புடிப்பீங்க?" என்பதுதான். ஓராண்டு உழைப்பில் வளர்ந்த வாழைத்தோட்டத்தை ஒரே இரவில் இழந்தவர் அப்படிக் கேட்பதில் தவறே இல்லை. ஆனால், பிடித்துக்கொண்டுபோய் வேறு காட்டில் விட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கையை அனுபவம் உறுதிப்படுத்தவில்லை.

கேரளத்தின் சின்னக்கானலில் 2023 ஏப்ரல் இறுதியில் மயக்க ஊசி செலுத்திப் பிடிக்கப்பட்ட அரிக்கொம்பன் என்ற ஆண் யானை, பெரியாறு புலிகள் காப்பகத்தில் விடப்பட்டது. ஒரு மாதத்துக்குள் அது மலையிறங்கிக் கம்பம் நகரத்துக்குள் வந்துவிட்டது. ஜூன் மாதம் மீண்டும் பிடிக்கப்பட்டு, களக்காடு முண்டந்துறைக் காப்பகத்தில் விடப்பட்டது. இலங்கையில் இவ்வாறு இடம் மாற்றப்பட்ட ஆண் யானைகளைக் கழுத்துப்பட்டைக் கருவி மூலம் கண்காணித்து 2012இல் வெளியான ஆய்வும் இதையே காட்டியது. சில யானைகள் பழைய இடத்துக்கே திரும்பின. சில நிலைகொள்ளாமல் அலைந்தன. ஒட்டுமொத்தத்தில் மோதல் குறையவில்லை, பரவியது. வலசைப் பாதையும் நீர்நிலையும் யானையின் நினைவில் பதிந்தவை. அவற்றின் குறுக்கே கட்டடமும் வேலியும் எழுந்தபின், யானை ஊருக்குள் வந்துவிட்டது என்று சொல்வதில் பாதி உண்மைதான் இருக்கிறது.

பயிர் இழப்பைவிட என்னை அதிகம் வருத்துவது உயிரிழப்பு. வால்பாறையில் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆய்வாளர்கள் அங்கு நேர்ந்த மரணங்களை ஆராய்ந்தபோது, அவற்றில் பெரும்பாலானவை யானை அருகில் நிற்பதை அறியாமல் இருட்டில் எதிர்ப்பட்டதால் நிகழ்ந்தவை என்று தெரியவந்தது. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே சோலைக்காடுகள் துண்டு துண்டாகக் கிடக்கும், ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பீடபூமி அது. யானையை அங்கிருந்து அகற்றுவது நடவாது. ஆகவே அது நிற்கும் இடத்தைக் குறுஞ்செய்தியாகவும், உள்ளூர்க் கேபிள் தொலைக்காட்சியில் ஓடும் வரியாகவும், கைபேசியால் இயக்கப்படும் சிவப்பு விளக்காகவும் மக்களுக்குத் தெரிவித்தார்கள். வேலை முடிந்து திரும்புகிறவர் அந்த விளக்கு எரிவதைக் கண்டு, அன்று வேறு வழியில் வீடு போய்ச் சேர்கிறார். எந்த வேலியையும்விட இதற்கே நான் முதலிடம் தருவேன்.

சேதமான வீடுகளைப் பார்வையிடும்போது ஒன்றைத் திரும்பத் திரும்பக் காண்கிறேன்: உள்ளே அரிசி மூட்டையைச் சாத்திவைத்த இடத்துக்கு நேர் வெளிப்புறத்தில்தான் சுவர் இடிந்திருக்கும். யானையின் மோப்பம் அவ்வளவு துல்லியமானது. அரிசியையும் உப்பையும் வெளிச்சுவரை ஒட்டி வைக்க வேண்டாம். அந்த அறையில் யாரும் படுக்கவும் வேண்டாம். பலா பழுக்கும் முன்பே வீட்டருகில் உள்ள காய்களை இறக்கிவிடுங்கள்.

மின்வேலியைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும். முறையான சூரிய மின்வேலி விட்டு விட்டுப் பாயும் நொடிப்பொழுது அதிர்ச்சியை மட்டுமே தருகிறது. விலங்கு பயந்து விலகிவிடும். வீட்டு இணைப்பிலிருந்து நேரடியாகக் கம்பியில் பாய்ச்சும் மின்சாரமோ தொட்டவரை விடாது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படிப்பட்ட வேலியில் சிக்கி 3 யானைகள் இறந்தன. உடன் வந்த 2 குட்டிகள் தாயற்று நின்றன. அந்தக் கம்பிக்கு மனிதர் என்றும் யானை என்றும் வேறுபாடு தெரியாது. இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவரும் அதில் இறக்கக்கூடும்.

யானையைக் கண்டால் கூட்டமாகத் துரத்துவதும் கைபேசியில் படம் பிடிக்க நெருங்குவதும் ஆபத்து. கூச்சலில் குட்டி பிரிந்துவிட்டால் தாய் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. வந்த வழியே விலகிச் சென்று, வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் கொடுங்கள். அந்த எண் வீட்டில் உள்ள அனைவருடைய கைபேசியிலும் இருக்கட்டும். பயிர் சேதமானால், வனத்துறையினர் பார்வையிடும்வரை வயலைச் சீர்செய்யாதீர்கள். கால்தடம், சாணம், முறிந்த தண்டு ஆகியவற்றை அன்றே படம் எடுத்து, நில ஆவண நகலுடன் இழப்பீட்டு மனுவை எழுத்து மூலம் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைக் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.