கை அசைப்பதும் கைகழுவுவதும்

போன மாதம் பாம்பனிலிருந்து நாட்டுப்படகுக்காரர் ஒருவர் மகனையும் கூட்டிக்கொண்டு ராமநாதபுரத்தில் என் அலுவலகத்துக்கு வந்தார். வாடைக்காற்றில் நங்கூரக் கயிறு அறுந்து, படகு பக்கத்துப் படகில் மோதி அணியம் (படகின் முன்பக்கம்) உடைந்துவிட்டது. காப்பீட்டு நிறுவனம் சேதத்தில் பாதிகூடத் தேறாத ஒரு தொகையைச் சொல்லி, ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்துக் கேட்டிருந்தது. மகன் பிளஸ் டூ முடித்தவன். "இதுல 'வேவ்'னு இருக்கு சார். கை அசைக்கிறதுதானே?" என்றான்.

கை அசைக்கும் wave, படிவத்தில் இருந்த waive, காதுக்கு இரண்டும் ஒன்றுதான். எழுத்தில்தான் நடுவே ஓர் 'ஐ' கூடுதல். அந்த 'ஐ' உள்ள வேவ், தனக்குள்ள உரிமையைத் தெரிந்தே விட்டுக்கொடுப்பது. 'மேற்கொண்டு எதுவும் கோர மாட்டேன்' என்பதைத்தான் படிவம் அந்த ஒரு வினையில் முடித்திருந்தது.

'கடன் தள்ளுபடி'க்கு ஆங்கிலத்தில் சொல்வதும் இந்த வினையிலிருந்து வந்த பெயர்தான். யார் விடுகிறார் என்பதைப் பார்க்க வேண்டும். வங்கி வேவ் செய்தால் லாபம் நமக்கு. 'நான் வேவ் செய்கிறேன்' என்று நம் பெயரில் இருந்தால் நஷ்டம் நமக்கு. (கோர்ட்டில் மனு தள்ளுபடியாவது வேறு சங்கதி. அதற்கு வேறு வினை.)

இங்கிலாந்து நீதிமன்றங்களில் ஒரு காலத்தில் புழங்கிய பிரெஞ்சிலிருந்து வந்த சொல் இது. 'வெய்ஃப்' இதற்குச் சொந்தக்காரச் சொல். துரத்தும்போது திருடன் போட்டுவிட்டு ஓடிய பொருளுக்கு அந்தப் பெயர். அது அரசனுக்குப் போய்விடும். பறிகொடுத்தவன் சுணங்காமல் திருடனைத் துரத்தி வழக்குத் தொடுத்தால்தான் திரும்பக் கிடைக்கும். அந்தக் காலத்தில் பெண்ணைச் சட்டத்தின் பாதுகாப்பிலிருந்து ஒதுக்கி வைப்பதற்கும் இதே வினைதான். ஆணுக்கு வேறு சொல்.

சரி, ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்கள்? கணக்குத் தீர்ந்ததாகக் காப்பீட்டு ரசீதில் கையெழுத்திட்டதாலேயே நுகர்வோரின் உரிமை போய்விடாது. ஏமாற்றியோ நெருக்கியோ வாங்கியதென்று காட்டினால் மீதியைக் கேட்கலாம் என்று 1999-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் அதைக் காட்டுவது போட்டவர் பாடு. அந்த அலைச்சலைப் பார்த்தவன் நான்.

அதனால் அந்த வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் 'பகுதித் தொகையாக, ஆட்சேபத்துடன் பெறுகிறேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னேன்.

"தமிழ்ல எழுதினா வாங்குவாங்களா சார்?"

"மாட்டேன்னா, அதை எழுத்துல குடுக்கச் சொல்லுங்கண்ணே. அந்தக் கடுதாசி நமக்கு வேணும்."