சூரியகாந்தியை எடைபோட்ட பாதிரியார்

லண்டனுக்குத் தென்மேற்கே, தேம்ஸ் ஆற்றங்கரையில் உள்ள ஊர் டெடிங்டன். 1709 முதல் 1761-ல் இறக்கும்வரை அங்கே பாதிரியாராக இருந்தவர் ஸ்டீபன் ஹேல்ஸ். எண்ணி, எடையிட்டு, அளந்துதான் கடவுள் உலகைப் படைத்தார் என்று அவர் நம்பினார். அதனால் அவரும் தராசைக் கையில் எடுத்தார்.

1724 கோடையில், தொட்டியில் வளர்ந்த மூன்றரை அடிச் சூரியகாந்தி ஒன்றைக் காலையும் மாலையும் எடைபோட்டார். மண்ணிலிருந்து ஈரம் ஆவியாகிப் போனால் கணக்கு கெட்டுவிடும் அல்லவா? தொட்டியின் வாயை மெல்லிய ஈயத் தகட்டால் மூடி, இடுக்குகளைப் பூசி அடைத்தார். நீர் ஊற்ற மட்டும் சிறு கண்ணாடிக் குழாய், அதற்கும் தக்கை. இனி எடை குறைந்தால் அது செடி வழியாகப் போன நீர்தான். பகல் 12 மணி நேரத்தில் சராசரியாக 20 அவுன்ஸ், அதாவது அரை லிட்டருக்கும் மேல்! பனியில்லாத வெப்பமான இரவில் சுமார் 3 அவுன்ஸ்தான்.

அப்புறம் மரக்கிளைகளை வெட்டி நீரில் வைத்தார். இலையுள்ள கிளைகள் 15 முதல் 30 அவுன்ஸ் வரை குடித்தன. இலைகளை உருவிய கிளைகளோ ஒரே ஓர் அவுன்ஸ். எனக்கு அவருடைய சோதனைகளில் மிகப் பிடித்தது இதுதான். வேரே இல்லாத கிளை நீரை ஏற்றுகிறது என்றால், இழுப்பது இலை.

எப்படி இழுக்கிறது? கார்பன் டை ஆக்சைடை உள்ளே எடுக்க, வெளிச்சத்தில் இலைத்துளைகள் திறக்கின்றன. அதே வழியாக நீராவி வெளியேறுகிறது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருப்பதால், போன நீரின் இடத்துக்குப் பின்னால் உள்ள நீர் இழுபடுகிறது. மெல்லிய குழாய்களில் இந்த நீர்த்தொடர் எளிதில் அறுவதில்லை. இழுப்புக்கான ஆற்றல் வெயிலுடையது. 300 அடி உயர மரங்களும் இப்படித்தான் நீர் குடிக்கின்றன. இந்த விளக்கத்தை 1894-ல் டிக்ஸன், ஜோலி என்ற அயர்லாந்து அறிவியலாளர்கள் முன்வைத்தார்கள்.

சரி, இலை துளிர்க்காத வசந்தத்தில்? பருவம் தப்பி வெட்டிய திராட்சைக்கொடி ஒன்றில் சாறு வடிவதை நிறுத்த, வெட்டுவாயில் விலங்கின் சிறுநீர்ப்பைச் சவ்வு ஒன்றைக் கட்டினார் ஹேல்ஸ். சவ்வு உப்பிப் புடைத்தது. வேர் உப்புகளைச் சேர்க்க, மண்ணீர் உள்ளே புகுந்து தள்ளுகிறது. அதுதான் வேரழுத்தம். பின்னர் வெட்டிய கொடியில் கண்ணாடிக் குழாய்களைப் பொருத்திப் பார்த்தபோது, சாறு 21 அடி ஏறியது. ஒப்பிட்டுப் பாருங்கள்: குதிரையின் தமனியில் அவர் பொருத்திய குழாயில் ரத்தம் ஏறிய உயரம் 8 அடி 3 அங்குலம்.