லயபிலிட்டி: கடனா, கடமையா, பொறுப்பா?

லயபிலிட்டி என்றால் என்ன என்று வகுப்பில் கேட்டால் பாதிப் பேர் "கடன் சார்" என்பார்கள். பிளஸ் டூவில் கணக்குப்பதிவியல் படித்தவர்கள் "பொறுப்புகள்" என்பார்கள். இருப்புநிலைக் குறிப்பில் அப்படித்தான் எழுதிப் பழகியிருக்கிறார்கள். தஞ்சாவூரில் காப்பீட்டுத் தரகர் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்குத் தமிழில் பாடம் எடுக்கிறேன். இந்த ஒரு சொல்லிலேயே ஒரு முழு வகுப்பு போய்விடும். போகட்டும் என்றுதான் விடுகிறேன். இது புரியாமல் மேலே போனால் மற்றதெல்லாம் மனப்பாடம்தான்.

கடன் என்ற பதிலைத் தப்பு என்று தள்ளிவிட முடியாது. "ஈன்று புறந்தருதல் என்தலைக் கடனே" என்று புறநானூற்றுத் தாய் சொல்லும்போது, அவள் யாரிடமும் பணம் வாங்கியிருக்கவில்லை. செய்தே தீர வேண்டியதைத்தான் கடன் என்கிறாள். கடமையும் இதே குடும்பம். நம் பக்கத்துச் சோழர் கல்வெட்டுகளில் கடமை என்றால் நிலவரி. கடன், கடமை, கடப்பாடு என்று எதை எடுத்தாலும், செலுத்தியாக வேண்டியது, செய்தாக வேண்டியது என்ற கருத்து உள்ளே இருக்கும். லயபிலிட்டிக்கு மூலமும் லத்தீனில் 'கட்டு' என்று பொருள்படும் சொல்தான். கட்டுப்பட்டவர், சட்டத்தின் கயிற்றிலிருந்து நழுவ முடியாதவர்.

இருந்தாலும் காப்பீட்டில் இதற்குச் சரியான சொல் பொறுப்புதான் என்பேன். பொறு என்றால் தாங்கு, சும. பொறை என்றால் சுமை. நட்டம் நடந்துவிட்டது, அதை இனி யார் தோளில் வைப்பது என்ற கேள்விக்கு விடைதான் பொறுப்பு. ஒரே ஒரு சிக்கல், "பொறுப்பான பையன்" என்று நல்ல குணத்துக்கும் இதே சொல்லைப் புழங்குகிறோம். அதனால் பாடத்தில் எழுதும்போது 'சட்டப் பொறுப்பு' என்று முழுதாக எழுதுங்கள். மனசாட்சி உறுத்துவது வேறு, கோர்ட்டு கட்டச் சொல்வது வேறு. காப்பீடு தாங்குவது இரண்டாவதை மட்டும்.

சம்பா அறுவடை நேரத்தில் எங்கள் பக்கம் வருஷம் தவறாமல் நடப்பது இது. வாடகைக்கு வந்த பெல்ட் டைப் அறுவடை மெஷின் திரும்பும்போது பக்கத்து வயலுக்குள் ஏறிவிடும். வரப்பு உடைந்து, இன்னும் அறுக்காத பயிரில் கால் மா அளவு (மா என்பது எங்கள் பக்கத்து நில அளவு) சேற்றோடு அமுங்கிக் கிடக்கும். ஓட்டியது டிரைவர். ஆனால் பக்கத்து வயல்காரர் மெஷின் உரிமையாளரைத்தான் பிடிப்பார், சட்டமும் அதையே சொல்லும். வேலையில் இருக்கும்போது வேலையாள் செய்த பிழையை முதலாளி சுமக்க வேண்டும். கவனமாக ஓட்ட வேண்டியது கடமை, அதைத் தவறியது கவனக்குறைவு, அதனால் பயிர் போனது நட்டம். மூன்றும் சேர்ந்த இடத்தில்தான் பொறுப்பு பிறக்கிறது. ஒன்று இல்லையென்றாலும் பொதுவாகக் கோரிக்கை நிற்காது.

பொதுவாக என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. 1868இல் இங்கிலாந்தில் ரைலண்ட்ஸ் எதிர் ஃப்ளெட்சர் வழக்கில், தன் நிலத்தில் தேக்கிய நீர் வெளியேறி அடுத்தவர் சுரங்கத்தை மூழ்கடித்ததற்கு, தேக்கியவர் தானே கவனக்குறைவாக இல்லாவிட்டாலும் பொறுப்பு என்றார்கள். இதைக் கண்டிப்பான பொறுப்பு எனலாம். சில வருஷத்தில் அதே கேள்வி நம் மாகாணத்திலிருந்து, அன்றைக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போனது. பெருமழையில் கார்வேட்டிநகரம் ஜமீன்தாரின் ஏரிகள் உடைந்து, மதராஸ் ரயில்வே கம்பெனியின் பாலங்கள் சேதமாயின. கம்பெனி நட்டஈடு கேட்டது. 1874இல் தீர்ப்பு ஜமீன்தாருக்குச் சாதகமாக வந்தது. ஏரி அவர் ஆசைக்கு வெட்டியதல்ல, பழங்காலத்திலிருந்து பாசனத்துக்காக இருப்பது, அதைப் பராமரிப்பது அவர் மீதுள்ள கடமை. கவனக்குறைவு இல்லாதபோது அவரைப் பொறுப்பாக்க முடியாது என்றார்கள்.

வாய்க்கால் தண்ணீரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்த வழக்கு ஒரே தடவையில் பிடிபடும். கடமைக்கும் பொறுப்புக்கும் நடுவில் உள்ள கோட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் வழக்கை நான் பார்த்ததில்லை. "கைம்மாறு வேண்டா கடப்பாடு" என்று குறள் மழையைச் சொல்லும் இடத்தில் வரும் கடப்பாட்டை லயபிலிட்டிக்கு மொழிபெயர்ப்பாகப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கடப்பாடு செய்ய வேண்டியதைச் சொல்கிறது. பொறுப்பு, செய்யத் தவறியதற்குப் பிறகு வருவது.

அடுத்தது ஈடு. இடு என்ற வினை நீண்டு ஈடு ஆனது, கெடு கேடு ஆனதுபோல. ஈடு இணையில்லை என்னும்போது அது சமம். நகையை ஈடு வைத்தேன் என்னும்போது அடகு. நட்டஈடு என்னும்போது இழந்ததற்குச் சமமாக இடுவது. காப்பீடு, காப்பும் ஈடும் சேர்ந்த சொல். தேர்வில் இண்டெம்னிட்டி என்று வரும் கொள்கை முழுவதும் இந்த ஈட்டில் அடங்கியிருக்கிறது. இழந்தவரை இழப்புக்கு முன் இருந்த நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்து, அதற்கு மேலே போகாதே. கால் மாவில் மூன்று மூட்டை கண்டிருக்கும் என்றால் மூன்று மூட்டைக்கான பணம்தான் ஈடு. ஐந்து கொடுத்தால் அதில் இரண்டு லாபம். காப்பீட்டில் லாபத்துக்கு இடமில்லை. உயிருக்கு யாரும் சமம் கட்ட முடியாது என்பதால் ஆயுள் காப்பீடு போன்றவை இந்த வரம்புக்கு வெளியே நிற்கின்றன.

பக்கத்து வயல்காரர் பிரீமியம் என்று ஒரு ரூபாய் கட்டியவரில்லை. காப்பீடு எடுத்த மெஷின்காரர் முதல் தரப்பு, காப்பீட்டு நிறுவனம் இரண்டாம் தரப்பு, வயல்காரர் மூன்றாம் தரப்பு. நம் பேச்சில் 'மூணாம் மனுஷன்' என்றால் சம்பந்தமில்லாதவர். பொறுப்புக் காப்பீட்டில் பணம் போய்ச் சேர்வதே அந்த மூன்றாம் மனிதருக்குத்தான். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவு இதைப் பொது இடத்தில் ஓடும் வண்டிகளுக்குக் கட்டாயமாக்கியிருப்பதும் அவரை நினைத்துத்தான்.

பாலிசியைக் 'காப்பீட்டுக் கொள்கை' என்று எழுதுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அரசாங்கத்தின் பாலிசி வேறு வேரிலிருந்து வந்தது. இந்தப் பாலிசி, சான்றுச் சீட்டு என்று பொருள்படும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. காப்பீட்டுப் பத்திரம் என்றால் சரி. இலங்கைத் தமிழர்கள் காப்பீட்டையே காப்புறுதி என்கிறார்கள், அதுவும் அழகான சொல்.

கடைசியாக, தரகர். முகவர் நிறுவனத்தின் முகம். தரகர் அப்படியில்லை, கமிஷன் நிறுவனத்திடமிருந்து வந்தாலும் வாடிக்கையாளர் பக்கம் நிற்க வேண்டியவர். நெல் தரகரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது கொஞ்சம் விசித்திரமாகத் தெரியும். அறுவடை மெஷின்காரர் உங்களை நம்பிப் பத்திரம் எடுக்கிறார். வயலுக்குள் ஓடும்போது ஏற்படும் சேதத்துக்கும் காப்பு வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். நீங்கள் விண்ணப்பத்தில் அதை எழுத மறந்துவிட்டீர்கள். இப்போது அந்த மூன்று மூட்டை யார் தோளில்? இப்படி வரும் என்பதால்தான், தரகர் தனக்கே ஒரு தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு வைத்திருக்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயின் விதி சொல்கிறது.