காட்டு நெல்லின் உடலை வடிவமைக்கும் தண்ணீர்

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கே, சித்தூரிலிருந்து கொழிஞ்சாம்பாறை வழியாகத் தமிழக எல்லை வரை விரியும் நிலத்தில், தமிழ் பேசும் உழவர்களுக்குக் காட்டு நெல் என்றதும் வயலில் தொல்லை தரும் வரிநெல் என்னும் களைநெல்தான் நினைவுக்கு வரும். ஆனால் நெல்லின் காட்டு உறவுகள் இதைவிடப் பலவகைப்பட்டவை. மேற்குத் தொடர்ச்சி மலையின் காட்டு நிழலில் வளரும் ஒரைசா கிரானுலாட்டா, முழங்கால் உயரமே உள்ள, மணியின் நுனியில் நீளும் மீசை இல்லாத சிறு புல். திறந்த வெயிலை அது தாங்காது. மலம்புழாவின் பெயரையே தாங்கிய ஒரைசா மலம்புழாயென்சிஸ், சாகுபடி நெல்லுக்குரிய 24 குரோமோசோம்களுக்கு மாறாக 48 கொண்டது. இவை தனித்தனி இனங்கள் என்பதால் வேறுபடுவதில் வியப்பில்லை. நமது பயிருக்கு மிக நெருங்கிய இனங்களுக்குள்ளேயே, வாழிடத்துக்கேற்ப உடல் மாறுவதுதான் கூர்ந்து பார்க்கத் தக்கது.

ஆண்டு முழுவதும் நீர் வற்றாத ஓடைகளிலும் சதுப்புகளிலும் ஒரைசா ரூஃபிபோகன் வளர்கிறது. அது பல்லாண்டுத் தாவரம். நீண்டு மிதக்கும் தண்டின் கணுக்களில் வேர்விட்டுப் பரவுவதால், விதையை அதிகம் நம்புவதில்லை. கோடையில் வறண்டுபோகும் குட்டைகளிலோ ஒரைசா நிவாரா வளர்கிறது. மழை நின்று மண் வெடிப்பதற்குள் அது பூத்து, காய்த்து, மடிந்தாக வேண்டும் என்பதால், குட்டையாக நின்று, தன் உணவின் பெரும்பகுதியை விதைக்கே செலவிடுகிறது. பூவிலும் இந்த வேறுபாடு தெரியும்: முன்னதன் மகரந்தப்பைகள் நீளமானவை, அயல் மகரந்தச் சேர்க்கைக்கு உதவுபவை; பின்னதன் மகரந்தப்பைகள் சிறியவை, பெரும்பாலும் தன் பூவுக்குள்ளேயே சேர்க்கையை முடித்துக்கொள்பவை. இவ்விரண்டுக்கும் இடையே தெளிவான கோடு கிழிக்க முடியாது என்பதையும், இடைப்பட்ட கூட்டங்கள் ஏராளம் என்பதையும் ஜப்பானிய மரபியலாளர்கள் ஓகாவும் மொரிஷிமாவும் விரிவாகக் காட்டினர்.

நீரில் மூழ்கிய செடி நீள்வதன் வழிமுறையும் இன்று தெளிவாகியுள்ளது. செடி வெளிவிடும் எத்திலீன் வாயு காற்றில் எளிதில் கலைந்துவிடும். நீரிலோ அது ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகவே பரவுவதால் தண்டுக்குள் தேங்குகிறது. ஆழ்நீர் நெல்லில் இந்தத் தேக்கம் எஸ்டி1 என்னும் மரபணுவைத் தூண்டி, ஜிப்பரெலின் என்னும் வளர்ச்சி ஊக்கியைப் பெருக்க, கணுவிடைகள் நாளொன்றுக்கு 20 செ.மீ. வரைகூட நீள்கின்றன. 1966இல் வெளியான ஐஆர்8 ரகம் குட்டையானதற்கும் இதே மரபணு பழுதுபட்டதே காரணம்.

ஆகவே குளத்தில் உயரமாகவும் கரையில் குட்டையாகவும் நிற்கும் செடிகளைப் பார்த்ததும் அவை மரபால் வேறுபட்டவை என்று முடிவுகட்டக் கூடாது. இரு இடங்களின் விதைகளையும் ஒரே மண்ணில், ஒரே நீரளவில், ஒரே நாளில் விதைத்து வளர்த்த பிறகும் எந்த வேறுபாடு மறையாமல் நிற்கிறதோ, அதுவே மரபுவழி வந்தது. மறைந்துபோவது சூழல் தந்தது. வெறும் உயர அளவீட்டை வைத்துப் புதிய வகை அறிவிக்கும் அவசரத்துக்கு இந்தச் சோதனையே தக்க மருந்து.

காட்டு நெல்லின் கதிரிலிருந்து ஒரு மணியை எடுத்து, அதன் மீசையை அடியிலிருந்து நுனி நோக்கி வருடினால் வழுவழுப்பாக இருக்கும். எதிர்த்திசையில் விரல் சொரசொரப்பை உணரும். நுனி நோக்கிச் சாய்ந்த நுண்முட்களே காரணம். இவற்றால், உதிர்ந்த மணி அசையும்போது முன்னே நகருமே தவிரப் பின்வாங்காது. விரிசல் விட்ட மண்ணுக்குள் இறங்கிவிடும். மணியைக் கதிரிலிருந்து பிரிக்கும், காம்பிலுள்ள பிரிவடுக்கு முற்றிலும் உருவாவதால்தான் அது உதிர்கிறது. பயிரில் எஸ்எச்4 மரபணுவில் நேர்ந்த ஒரு சிறு மாற்றம் அந்த அடுக்கின் வளர்ச்சியைக் குறைத்து, மணியை அறுவடை வரை கதிரில் தங்கவைப்பதில் பெரும்பங்கு வகித்தது. வியப்பு என்னவென்றால், பல நாடுகளின் களைநெல் இந்தப் பயிர் வடிவ மரபணுவையே கொண்டிருந்தும், வேறு மரபணுக்களின் வழியே உதிரும் பண்பை மீண்டும் பெற்றிருக்கிறது.

பிற நாடுகளில் களைநெல்லை அதன் சிவப்பு அரிசியைக் கொண்டு எளிதில் இனங்காண்பார்கள். ‘மட்ட’ எனப்படும் சிவப்பரிசியை விரும்பி உண்ணும் பாலக்காட்டில், பட்டாம்பியில் உருவான ஜோதி ரகமே சிவப்பு என்பதால் அந்த அடையாளம் இங்கே பயன்படாது. கதிர் வரும்வரை வரிநெல்லும் பயிரும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். உயர்ந்து தெரிபவற்றைக் களையெடுப்போர் பிடுங்கிவிடுவதால், பயிரின் உயரத்தையும் தோற்றத்தையும் ஒத்தவையே விதை உதிர்க்கும் வரை பிழைக்கின்றன. குளத்தில் நீர் செய்யும் தேர்வை வயலில் மனிதக் கை செய்கிறது. விரிப்பு எனப்படும் முதல் போகப் பருவத்தின் நேரடி விதைப்பில் இத்தொல்லை அதிகம். விதைப்புக்கு முன் நீர் பாய்ச்சி, முளைத்தவற்றை உழுது அழிப்பது பலன் தரும். எனினும் உறக்க நிலையிலுள்ள விதைகள் எல்லாம் ஒரே சமயத்தில் முளைப்பதில்லை என்பதால், இதை ஒரு போகத்தோடு நிறுத்திவிட முடியாது.