விரல் நீளத்தில் வாங்கிய மீன்

சென்ற மாதம் அம்பத்தூரில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். மூன்றடித் தொட்டி, அகலம் ஒரே அடி. உள்ளே ஒன்றரை அடி நீளத்தில் ஒரு ரெட்டெயில் கெளுத்தி, அதாவது சிவப்பு வால் கெளுத்தி. அதனால் திரும்பவே முடியவில்லை. கண்ணாடியில் மோதி மோதி மேலுதடு புண்ணாகியிருந்தது. 14 மாதங்களுக்கு முன் விரல் நீளத்தில் வாங்கியதாம். "தொட்டியின் அளவுக்கு மேல் வளராது என்று கடையில் சொன்னார்களே, டாக்டர்" என்றார் வீட்டுக்காரர்.

மீன்களுக்கு வைத்தியம் பார்க்கும் இந்த 12 ஆண்டுகளில் நான் அதிகம் கேட்ட பொய் இதுதான். சின்னத் தொட்டியில் ஒரு மீனின் வளர்ச்சி தடைப்படுகிறது என்றால் அது நோயின் அறிகுறி. கழிவு தேங்கிய தண்ணீரும் இட நெருக்கடியும் அதைக் குறுக்குகின்றன. அமேசான் ஆற்றைத் தாயகமாகக் கொண்ட ரெட்டெயில் ஒரு மீட்டரைத் தாண்டி வளரும். ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத் தொட்டியில் ஏறக்குறைய 680 லிட்டர் பிடிக்கும். வரவேற்பறையில் அதை வைக்கவே பலர் தயங்குவார்கள். ஆனால் வளர்ந்த ரெட்டெயில் அதற்குள்ளும் உடலை வளைக்காமல் திரும்ப முடியாது. கடைத் தொட்டியில் மீசையை ஆட்டிக்கொண்டு நிற்பது குழந்தை என்பதை மறந்துவிடாதீர்கள்.

ரெட்டெயில் போல மற்ற மீன்களைத் தின்னும் வேட்டை மீன் என்றாலே பலருக்கு உயிர்மீன் போட்டு வேடிக்கை பார்ப்பதுதான் நினைவுக்கு வருகிறது. இதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். தீனிக்கென்று மலிவாக விற்கும் தங்கமீன் குஞ்சுகள் நெரிசலில் வளர்ந்தவை. வெண்புள்ளி நோயும் நங்கூரப் புழுவும் அவற்றோடு தொட்டிக்குள் வந்துவிடும். போதாததற்குத் தங்கமீனின் உடலில் தயாமினேஸ் என்ற நொதி உண்டு. அது வைட்டமின் பி1-ஐச் சிதைக்கும். மாதக்கணக்கில் அதையே தின்ற மீன் ஒருநாள் நிலைதடுமாறிப் பக்கவாட்டில் சாயும்போதுதான் என்னைக் கூப்பிடுகிறார்கள். கோழி, மாட்டிறைச்சியும் அன்றாடத் தீனியாகாது. அந்தக் கொழுப்பு ஈரலில் படியும். தரமான பெல்லட் (உருண்டைத் தீனி), தோலுரித்த இறால், கடல்மீன் துண்டு போதும். வளர்ந்த பெரிய மீனுக்கு வாரத்தில் இரண்டு மூன்று வேளை கொடுத்தாலே நிறைவு.

இறைச்சி தின்னும் மீன் நிறைய அமோனியாவை வெளியேற்றும். அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் குடியேற நான்கு முதல் ஆறு வாரமாகும். இன்று தொட்டி, நாளை மீன் என்ற அவசரத்தில் போகும் உயிர்கள் எத்தனையோ. நம் வீடுகளில் போர் தண்ணீர் பெரும்பாலும் காரத்தன்மை உள்ளது. அமில, காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7-இலிருந்து 8-க்கு ஏறினால், அதே அளவு அமோனியாவில் நச்சாக மாறும் பங்கு ஏறக்குறைய 10 மடங்காகிவிடும். தண்ணீர் பளிங்குபோல் தெளிவாக இருக்கும், மீன் மூச்சுத் திணறும். ஆகவே அமோனியாவும் பி.எச்.சும் பார்க்கும் சோதனைப் பெட்டியைத் தொட்டியோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

அம்பத்தூருக்கு வருகிறேன். புண்ணுக்கு மருந்து சொல்லி முடித்ததும் அவர் தயங்கியபடி, "பாவமாக இருக்கிறது டாக்டர், ஏரியில் விட்டுவிடலாமா?" என்று கேட்டார். இரக்கத்தில் கேட்ட கேள்விதான். வேண்டவே வேண்டாம் என்றேன். 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரள ஆறுகளில் அரபைமா, அலிகேட்டர் கார் என்ற வெளிநாட்டு வேட்டை மீன்கள் வலையில் சிக்கின. 2023-இல் காஷ்மீரின் தால் ஏரியிலேயே அலிகேட்டர் கார் பிடிபட்டது. அமெரிக்காவின் மிசிசிப்பிப் பகுதி மீன் அது. தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தாலும் மேலே வந்து காற்றை விழுங்கிப் பிழைத்துக்கொள்ளும். நம் குளத்துக் கெண்டைக்கும் விரால் குஞ்சுக்கும் அந்த வாயிலிருந்து தப்பிக்கத் தெரியாது.

பெரிய சிமெண்ட் தொட்டி வைத்திருக்கும் ஒருவர் கிடைத்ததால் அந்த ரெட்டெயில் இடம் மாறியது. எல்லா மீனுக்கும் அப்படி அமைவதில்லை. கொள்வாரில்லாமல், தேறும் வழியும் இல்லாமல் போன சில மீன்களைக் கிராம்பு எண்ணெயில் ஆழ்ந்து மயக்கி முடித்து வைத்திருக்கிறேன். அந்த நாள்களில் வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்காது.

வேட்டை மீன்மேல்தான் ஆசை என்றால் ஒற்றை ஆஸ்கர் மீன் வளருங்கள். ஓர் அடி அளவுக்கு வளரும். நாலடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உயரமும் உள்ள, சுமார் 250 லிட்டர் பிடிக்கும் தொட்டியில் நிம்மதியாக இருக்கும். நீங்கள் அறைக்குள் நுழைந்தாலே கண்ணாடி ஓரம் வந்து நிற்கும், கையிலிருந்து இறால் வாங்கித் தின்னும். தொட்டிக்குக் கனமான மூடி போடுங்கள், மின்வெட்டுக்கு பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். மாடியிலோ தோட்டத்திலோ சிமெண்ட் தொட்டி வைத்திருப்பவர்கள் ஐப்பசி பிறக்கும் முன்பே விளிம்பு முழுக்க வலை கட்டிவிடுங்கள். பெருமழையில் தொட்டி வழிந்தால் மீன் மழைநீர்க் கால்வாய்க்குப் போய்விடும். அங்கிருந்து ஏரி தூரமில்லை.