ஓரமா போய் நின்னாத்தான் தெரியும் அந்த மண்டையோடு

லண்டன் நேஷனல் கேலரில 'தூதர்கள்'னு ஒரு பெயிண்டிங் இருக்கு, ஹான்ஸ் ஹோல்பைன் 1533ல வரைஞ்சது. ஓக் பலகை மேல ஆயில் பெயிண்ட், நீள அகலம் ரெண்டுமே 2 மீட்டருக்கு மேல, அதனால ரெண்டு மனுஷங்க நம்ம எதிர்ல நிக்கற மாதிரியே இருக்கும். இடதுபக்கம் பிரெஞ்சு தூதர் ழான் த டான்ட்வில், வலதுபக்கம் அவரோட ஃப்ரெண்டு பிஷப் ஜார்ஜ் த செல்வ். வயசு கூட படத்துலயே எழுதியிருக்கு, ஒருத்தருக்கு குறுவாள் உறைல 29, இன்னொருத்தருக்கு முழங்கைக்கு அடியில இருக்க புக்குல 25. நடுவுல இருக்க மேசைல குளோப், சூரியக் கடிகாரம், ஒரு கம்பி அறுந்துபோன லூட்ங்கற நரம்பு வாத்தியம்.

கீழ தரைகிட்ட மட்டும் சாம்பல் கலர்ல நீட்டமா ஏதோ ஒண்ணு சாய்வா மிதக்கும். முதல் தடவ பாக்கறப்ப, இவ்ளோ அழகான படத்துல யார் இத இழுவிவிட்டாங்கன்னுதான் எனக்குத் தோணுச்சு. வலதுபக்க ஓரத்துக்குப் போய் சுவத்த ஒட்டினாப்ல நின்னு பாத்தா அது ஒரு முழு மண்டையோடு.

இது எப்படி வேலை செய்யுதுன்னா, சாப்பாட்டுத் தட்ட கைல எடுங்க, நேரா பாத்தா வட்டம், கண்ணு மட்டத்துக்குத் தூக்கினா வெறும் கோடு. பாக்கற கோணம் சரியச் சரிய ஒரு பக்கம் சுருங்கிட்டே வரும், பரப்புலேர்ந்து 30 டிகிரில பாத்தா பாதி, 10 டிகிரில பாத்தா கிட்டத்தட்ட ஆறுல ஒரு பங்கு. அப்ப அந்தக் கோணத்துல பாக்கறவனுக்கு சரியா தெரியணும்னா முன்னாடியே ஆறு மடங்கு இழுத்து வரைஞ்சு வச்சிடணும், மிச்சத்த கோணமே சுருக்கிக்கும். இதுக்குப் பேரு அனமார்ஃபோசிஸ்.

ஆனா ஒரே அளவா இழுத்தா பத்தாது. ஓரத்துல நிக்கறவனுக்குப் பக்கத்து முனை கிட்ட இருக்கும், அந்தப்பக்க முனை தள்ளி இருக்கும், தள்ளி இருக்கறது எப்பவும் சின்னதாத்தான் தெரியும், அதனால தூரம் போகப் போக இன்னும் கூடுதலா இழுக்கணும். கோலத்துக்குப் புள்ளி வைக்கற மாதிரி அசல் படத்து மேல சதுரக் கட்டம் போட்டு, வரையப்போற இடத்துல ஒரு பக்கம் குறுகி ஒரு பக்கம் விரிஞ்சுபோற கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் மாத்திக்கிட்டே போறது இதுக்கு ஒரு நல்ல வழி. கிரிக்கெட் மேட்ச்ல புல்லு மேல வரைஞ்ச விளம்பரம் டிவில எழுந்து நிக்கற போர்டு மாதிரி தெரியுதே, அதுவும் இதே கணக்குதான், அங்க ஓரத்துல நிக்கற ஆளுக்குப் பதிலா கேமரா.

சாதாரண படத்த கொஞ்சம் சாய்வா பாத்தா நமக்கு ஒண்ணும் உறுத்தாது, பரப்பு சாஞ்சிருக்குன்னு மூளை கண்டுபிடிச்சு சரிபண்ணிக்கும். ரொம்ப சரிஞ்ச கோணத்துல அதால முடியாது. ஒரு கண்ண மூடிக்கிட்டா இன்னும் நல்லா தெரியும், ஏன்னா ரெண்டு கண்ணும் திறந்திருந்தா இது தட்டையான பலகைன்னு மூளைக்கு சுலபமா தெரிஞ்சிடும்.

என்னை ரொம்ப பாதிச்சது வேற. மண்டையோடு நேராகற இடத்துல தூதர்கள் ரெண்டு பேரும் நசுங்கிப் போயிடறாங்க, பட்டுத்துணி, குளோப் எல்லாமே சேர்த்து. அவங்கள ஒழுங்கா பாக்கணும்னா திரும்ப நடுவுக்கு வந்தாகணும், வந்தா மண்டையோடு போச்சு. வாழ்க்கையும் சாவும் ஒரே பலகைல இருக்கு, ஒரே இடத்துல நின்னு ரெண்டையும் சரியா பாக்க ஹோல்பைன் விடல.

படத்த மொபைல்ல எடுத்து, ஒரு கண்ண மூடிட்டு, வலது ஓரத்த கண்ணுகிட்ட கொண்டு வந்து மெதுவா சாய்ச்சுப் பாருங்க. அப்புறம் டான்ட்வில் தொப்பில இருக்க பேட்ஜ ஜூம் பண்ணுங்க, அங்கயும் குட்டியா ஒரு மண்டையோடு இருக்கு, அத இழுக்காம நேராவே வரைஞ்சிருக்கார்.